சோற்றில் இல்லை, எச்சிலில் கல்!

சாப்பாட்டில் கல் இருந்தால் மெஸ்காரரிடம் சண்டை போடலாம். கடிபட்ட கல்லை விரலால் எடுத்து, இலை ஓரத்தில் சாட்சியாக வைத்து, "என்ன சார் இது?" என்று நியாயம் கேட்கலாம். கல், சாப்பிடுகிறவருடைய தாடைக்குள்ளேயே இருந்தால் யாரிடம் போய்க் கேட்பது?

அப்படியும் உண்டா என்று கேட்காதீர்கள். உண்டு. சிறுநீரகக் கல்லுக்கு நம்ம ஊரில் ஒரு தனி மரியாதை இருக்கிறது. எந்த ஆபீஸிலும் ஒருவராவது அதில் அனுபவஸ்தர் இருப்பார். வாழைத்தண்டு ஜூஸ் எந்தக் கடையில் நன்றாக இருக்கும் என்று விலாசத்தோடு சொல்வார். பித்தப்பைக் கல்லும் பரவாயில்லை, கேள்விப்பட்ட பெயர்தான். ஆனால் "எனக்கு எச்சில் சுரப்பியில் கல்" என்று ஆபீஸில் சொல்லிப் பாருங்கள். பக்கத்து சீட்காரர் முதலில் சிரிப்பார். அப்புறம் லேசாக நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்வார். (தேவையில்லை சார், தொற்றாது!)

என் நண்பன் ஒருவனுக்கு வந்தது. பெயர் வேண்டாம். ஒரு தனியார் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறான், வீட்டில் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சாப்பிட்டால் முகம் வீங்கும் என்கிற சமாசாரம் வெளியே தெரிந்தால், பெண் வீட்டார் ஜாதகத்தோடு எக்ஸ்ரேயும் கேட்பார்கள். அக்கவுன்டன்ட் என்றே வைத்துக்கொள்வோம்.

அவனுக்கு நடந்தது இதுதான். மதியம் ஒரு மணி. டிபன் பாக்ஸைத் திறக்கிறான். தயிர் சாதம், எலுமிச்சங்காய் ஊறுகாய். முதல் வாய் உள்ளே போய் இரண்டு நிமிஷத்துக்குள் வலது தாடைக்கு அடியில் விண்ணென்று ஒரு வலி. தொட்டுப் பார்த்தால் அங்கேயும் ஒரு எலுமிச்சங்காய்! சாப்பிடவும் முடியாமல், மூடவும் முடியாமல் உட்கார்ந்திருப்பான். இரண்டு மணிக்குள் வீக்கம் மெதுவாக வடியும். சாயங்காலம் பர்மிஷன் போட்டுவிட்டு டாக்டரிடம் போய் நின்றால், தாடை வழவழவென்று ஒன்றும் தெரியாத அப்பாவி மாதிரி இருக்கும். ஆடிட்டர் வருகிற அன்றைக்கு மட்டும் காணாமல் போகுமே வவுச்சர், அது மாதிரி.

டாக்டர் பாவம் என்ன செய்வார்? வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் அம்மா டாக்டரை விட வேகம். "பொன்னுக்கு வீங்கிடா!" என்று சொல்லி, பீரோவிலிருந்த இரண்டு பவுன் செயினை எடுத்துக் கழுத்தில் போட்டுவிட்டார். பொன்னைப் போட்டால் வீக்கம் வடியும் என்பது நம்ம ஊர் நம்பிக்கை. பொன்னுக்கு வீங்கி ஒரு வைரஸ் காய்ச்சல். செயின் போட்டாலும் போடாவிட்டாலும் ஒரு வாரம் பத்து நாளில் தானாக அடங்கும். அதனால் பேர் செயினுக்குப் போய்விடுகிறது. அது பெரும்பாலும் காதுக்கு முன்னால் கன்னத்தில் வீங்கும், காய்ச்சல் இருக்கும், அநேகமாக இரண்டு பக்கமும் வரும். மாதக்கணக்கில், அதுவும் லஞ்ச் டயத்துக்கு மட்டும் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகாது.

அடுத்து பல் டாக்டர். ஊரில் அவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை. பின்னால் இருந்த கடவாய்ப் பல்தான் காரணம் என்று முடிவு கட்டிப் பிடுங்கிவிட்டார். "பல் போச்சுடா, வலி அப்படியே இருக்கு" என்றான் நண்பன். ராத்திரி செல்போனை எடுத்துத் தாடை வீக்கம் என்று தட்டித் தேடியிருக்கிறான். தலைவலி என்று தேடினாலே புற்றுநோயில் கொண்டுபோய் விடுகிற சாதனம் அது. விடிய விடியத் தூங்கவில்லை. காலையில் எனக்குப் போன் பண்ணி, "எல்.ஐ.சி. பாலிசியில நாமினி மாத்தணும்னா என்னடா பண்ணணும்?" என்று கேட்டபோதுதான் விஷயம் எனக்குத் தெரிந்தது.

*

கொஞ்சம் பிளம்பிங் பார்த்துவிடலாம். நமக்குப் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் மூன்று ஜோடி. காதுக்கு முன்னால் ஒரு ஜோடி, தாடை எலும்புக்கு அடியில் ஒரு ஜோடி, நாக்குக்கு அடியில் ஒரு ஜோடி. இது தவிர உதடு, கன்னம், அண்ணம் என்று நூற்றுக்கணக்கில் குட்டிச் சுரப்பிகள். எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை சப்ளை. அதாவது ஆவின் அரை லிட்டர் பாக்கெட் ஒன்றிலிருந்து மூன்று வரை! இத்தனையும் முழுங்கிவிட்டுத்தான் தண்ணியே குடிக்கவில்லை என்று பொய் சொல்கிறோம்.

கண்ணாடி முன்னால் நின்று நாக்கை மேலே தூக்கிப் பாருங்கள். (பஸ்ஸில் படித்துக்கொண்டிருந்தால் வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம்.) நாக்கைக் கீழே கட்டி வைத்திருக்கிற நரம்பு மாதிரியான மடிப்புக்கு இரண்டு பக்கமும் சின்னதாக ஒரு மேடு தெரியும். தாடைச் சுரப்பியின் குழாய் திறக்கிற வாய் அதுதான்.

கல் வருவதில் பெரும் பங்கு இந்தத் தாடைச் சுரப்பிக்குத்தான். நூற்றில் சுமார் 80 கல் இங்கேதான். காரணம், கட்டட கான்ட்ராக்டர் பார்த்தாலே தலையில் அடித்துக்கொள்வார். சுரப்பி கீழே, குழாய் மேலே. ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் நீளத்துக்கு எச்சில் மேல்நோக்கி ஏற வேண்டும், மோட்டார் கிடையாது. போதாக்குறைக்கு இந்தச் சுரப்பியின் எச்சில் கொஞ்சம் கொழகொழ. அதில் கால்சியமும் அதிகம். குழாய் வெளியே திறக்கிற வாயோ குழாயை விடக் குறுகல். எங்கேயோ ஒரு துணுக்கு தங்குகிறது, அதன் மேல் கால்சியம் பாஸ்பேட் படிகிறது, அதன் மேல் இன்னொரு படலம். வட்டிக்கு வட்டி! கொஞ்ச நாளில் குழாய்க்குள் ஒரு கல்.

சாப்பாட்டு நேரத்தில் மட்டும் ஏன் வீங்குகிறது என்பது இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். சும்மா இருக்கும்போது சுரப்பி சொட்டுச் சொட்டாகத்தான் விடும், அது கல்லைச் சுற்றிக் கசிந்து வந்துவிடும். சாப்பாட்டு வாசனை வந்ததும் மடை திறக்கிறது. ரஷ்யாவில் பாவ்லவ் என்ற விஞ்ஞானி நாய்களை வைத்து ஆராய்ந்து காட்டியது இதைத்தான். (1904-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது ஜீரணத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்கு, எல்லோரும் நினைக்கிற மாதிரி மணி அடித்ததற்கு இல்லை.) நம் அக்கவுன்டன்டுக்கு மணிகூட அடிக்க வேண்டாம், பக்கத்து டேபிளில் ஊறுகாய் பாட்டிலைத் திறந்தால் போதும். எச்சில் பொங்கி வருகிறது, குழாயில் அடைப்பு, வெளியே போக வழியில்லாமல் சுரப்பி உப்புகிறது. அதனால்தான் ஊறுகாய்க்கு வலி ஜாஸ்தி, இட்லிக்குக் கொஞ்சம் கம்மி.

இந்தக் குழாய்களின் சரித்திரத்தில் ஒரு சுவாரஸ்யம். தாடைச் சுரப்பியின் குழாயை 1656-ல் விவரித்து எழுதியவர் லண்டன் டாக்டர் தாமஸ் வார்ட்டன். காதோரச் சுரப்பியின் குழாயைக் கண்டுபிடித்தவர் டென்மார்க்காரர், நீல்ஸ் ஸ்டென்சன். 1660-ல், 22 வயசில், ஆம்ஸ்டர்டாமில் படிக்கப் போன இடத்தில் ஓர் ஆட்டுத் தலையை அறுத்துப் பார்த்தபோது கண்ணில் பட்டது. உடனே அவருடைய வாத்தியார், "அதை நான் கண்டுபிடித்தேன்" என்று கிளம்பிவிட்டார். (மேலதிகாரிகள் எல்லா நூற்றாண்டிலும் ஒரே மாதிரிதான்!) ஸ்டென்சன் பிறகு இத்தாலி போனார், 1666-ல் ஒரு சுறாவின் தலையை அறுத்தார், மலையில் கிடைக்கிற சில விசித்திரக் கற்கள் பழங்காலச் சுறாப் பல் என்று சொன்னார். திடப்பொருளுக்குள் இன்னொரு திடப்பொருள் எப்படி வந்து உட்காருகிறது என்று 1669-ல் புத்தகமே போட்டார். இன்றைக்கு அவரை நிலவியலின் தந்தைகளில் ஒருவர் என்கிறார்கள். எச்சில் குழாயில் ஆரம்பித்துக் கல்லில் போய் முடித்த மனிதர்! அப்புறம் பிஷப்பும் ஆனார், அது வேறு கதை.

*

அக்கவுன்டன்டைக் கூட்டிக்கொண்டு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனோம். இதற்குச் சரியான கதவு அதுதான். இல்லாவிட்டால் பல் மருத்துவத்திலேயே வாய், தாடை அறுவை சிகிச்சை படித்தவர்கள் இருக்கிறார்கள். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளிலும் இந்தப் பிரிவுகள் உண்டு.

அந்த அம்மா முதலில் கேட்ட கேள்வியே, "எப்ப வீங்குது?" நண்பன் ஆரம்பித்து டிபன் பாக்ஸ் வரை வந்தான். அவர் சிரித்துக்கொண்டே மேஜை டிராயரைத் திறந்து ஒரு புளிப்பு மிட்டாயை நீட்டினார். "வாயில போட்டுக்கிட்டு வெளியில உக்காருங்க தம்பி." ஐந்தாவது நிமிஷம் வீக்கம் ஆஜர். ஆறு மாதமாக எந்த டாக்டருக்கும் முகம் காட்டாத குற்றவாளி ஒரு மிட்டாய்க்குப் பிடிபட்டான்!

உங்களுக்கு அப்படி வீங்கினால் ஒரு காரியம் செய்யுங்கள். வீங்கியிருக்கும்போதே செல்போனில் முகத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்கு, என்ன சாப்பிட்டபோது, எவ்வளவு நேரம் என்று குறித்து வையுங்கள். பாதி டயக்னோஸிஸ் அதிலேயே இருக்கிறது.

அப்புறம் அந்த டாக்டர் கையுறை போட்டு, ஒரு விரலை நாக்குக்கு அடியிலும் இன்னொரு கையைத் தாடைக்குக் கீழே வெளியிலும் வைத்து, இரண்டுக்கும் நடுவே தடவிக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் நின்றார். "இங்கே இருக்கு." சுரப்பியை லேசாகப் பிதுக்கிவிட்டு, குழாயின் வாயில் எச்சில் தெளிவாக வருகிறதா, சீழ் வருகிறதா, ஒன்றுமே வரவில்லையா என்றும் பார்த்தார். மிஷின் எதுவும் இல்லாமல் இவ்வளவு தூரம் வந்துவிடலாம் என்பது எனக்குப் பிடித்திருந்தது.

பிறகுதான் படங்கள். வாய்க்குள் ஒரு பிலிமைக் கடித்துக்கொண்டு எடுக்கிற எக்ஸ்ரேயில் தாடைச் சுரப்பிக் கற்கள் பெரும்பாலும் தெரிந்துவிடும். காதோரச் சுரப்பிக் கற்கள் பல சமயம் தெரியாது. ஆகவே எக்ஸ்ரே சுத்தமாக இருந்தால் கல்லே இல்லை என்று அர்த்தமில்லை. அல்ட்ரா சவுண்ட் ஸ்கேன் செலவு குறைவு, கதிர்வீச்சு இல்லை, இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் உள்ள கல்லைப் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். சந்தேகம் தீராவிட்டால் சி.டி. ஸ்கேன். குழாய்க்குள் சாயத்தைச் செலுத்திப் படம் எடுப்பது பழைய முறை. சீழ் பிடித்திருக்கும்போது அதைச் செய்ய மாட்டார்கள்.

நம்மாளுக்கு ஏழு மில்லிமீட்டர். குழாயின் முன்பகுதியில். ரிப்போர்ட்டைப் பார்த்ததும் அவன் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! கல் என்று சொன்னதற்காகக் கையெடுத்துக் கும்பிட்ட முதல் பேஷன்ட் அவனாகத்தான் இருப்பான்.

எல்லா வீக்கமும் கல் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டோடு சம்பந்தமில்லாமல், வடியாமல், கெட்டியாக, மெல்ல மெல்லப் பெரிசாகிற கட்டி. கூடவே முகம் ஒரு பக்கம் இழுப்பது, நாக்கு மரத்துப்போவது, ஆறாத வாய்ப்புண். இதில் எது இருந்தாலும் மிட்டாய் வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. பான், குட்கா, சிகரெட் பழக்கமுள்ளவர்கள் அடுத்த சம்பளத் தேதிக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம். ஊசியால் கொஞ்சம் திசுவை எடுத்துப் பரிசோதிக்கிறார்கள், அதிகம் வலிக்காது.

*

இப்போது வைத்தியம். முதலில் காசு செலவில்லாதது. தண்ணீர் நிறையக் குடிப்பது. வெந்நீர் ஒத்தடம். தாடைக்கு அடியில் பின்னாலிருந்து முன்னால், பற்பசை ட்யூபைக் கடைசிச் சொட்டுக்காகப் பிதுக்குவோமே அந்த மாதிரி, மெதுவாக நீவிவிடுவது. நடுநடுவே எலுமிச்சைச் சாறோ புளிப்பு மிட்டாயோ. சர்க்கரை வியாதிக்காரர்கள் சர்க்கரை இல்லாத மிட்டாய். இரண்டு மூன்று மில்லிமீட்டர் கல்லாக இருந்தால் இந்த உபசாரத்திலேயே ஒருநாள் நாக்கில் வந்து விழுந்துவிடலாம். சீழ் இருந்தால் ஆன்ட்டிபயாட்டிக் வேண்டும். அப்போதும், வலி உயிர் போகிற போதும், டாக்டரைக் கேட்காமல் புளிப்பைத் தொடாதீர்கள். காய்ச்சலோடு நாக்குக்கு அடியில் எல்லாம் வீங்கி, வாய் திறக்க முடியாமல், முழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் என்றால் அது விடியும்வரை காத்திருக்கிற விஷயம் இல்லை. ஆட்டோ பிடித்து நேரே எமர்ஜென்சிக்குப் போய்விட வேண்டும்.

ஆபீஸ் சிபாரிசுகள் தனி ரகம். டெஸ்பாட்ச்காரர் ஊக்கை நீட்டி, "குத்தி எடுத்துடு தம்பி" என்றாராம். குழாயைக் கிட்டத்தட்ட உரசிக்கொண்டு நாக்கின் உணர்ச்சி நரம்பு போகிறது. ஊக்கு, குண்டூசி, பல்குச்சி எதுவும் கூடாது. இன்னொருவர் கல் கரைக்கிற சூரணம் ஒரு டப்பா கொண்டுவந்தார். எச்சில் கல்லைக் கரைக்கும் என்று நிரூபணமான மாத்திரையோ, கஷாயமோ, சூரணமோ இதுவரை இல்லை. தக்காளி, பால், கீரையை விட்டொழி என்றார் மூன்றாமவர். அவர் சிறுநீரகக் கல் கட்சி. அது பெரும்பாலும் கால்சியம் ஆக்ஸலேட், இது கால்சியம் பாஸ்பேட். இரண்டும் பங்காளிகள்கூட இல்லை. எச்சில் கல் உள்ள பெரும்பாலோருக்கு ரத்தத்தில் கால்சியம் சரியான அளவில்தான் இருக்கிறது. பாலை நிறுத்தினால் பால்காரருக்கு மட்டும்தான் நஷ்டம்.

பத்து நாள் நீவிப் பார்த்தும் ஏழு மில்லிமீட்டர் அசையவில்லை. நடுவில் வீட்டாரின் வற்புறுத்தலில் இன்னொரு பெரிய ஆஸ்பத்திரிக்கும் போனான். அங்கே பார்த்தவர் கழுத்தில் வெளியிலிருந்து கீறி, சுரப்பியையே எடுத்துவிடலாம் என்றார். பேக்கேஜ் தொகை அச்சடித்த பேப்பரையும் கையில் கொடுத்தார்கள். ஏ.சி. ரூம், அட்டெண்டர் சாப்பாடு உட்பட!

சுரப்பியை எடுப்பது தப்பான வைத்தியம் இல்லை. கல் சுரப்பிக்குள்ளேயே ஆழமாக மாட்டிக்கொண்டால், பலமுறை சீழ் பிடித்துச் சுரப்பி கெட்டுப்போயிருந்தால், அதுதான் வழி. ஒன்று போனாலும் மற்ற சுரப்பிகள் சமாளித்துவிடும், வாய் வறண்டுவிடாது. ஆனால் அந்த இடத்தில்தான் கீழுதட்டின் ஓரத்தை அசைக்கிற நரம்பும் நாக்கின் நரம்புகளும் போகின்றன. அடிபட்டால் உதடு ஒரு பக்கம் கோணும். சிலருக்குத் தற்காலிகமாக, சிலருக்கு நிரந்தரமாக. பெண் பார்க்கப் போகிறவனுக்கு இது சின்ன விஷயமா? ஒரு காலத்தில் கல் என்றாலே சுரப்பியை எடுப்பது சகஜம். இன்றைக்கு அது கடைசிப் படி. அடைப்பை நீக்கினால் சுரப்பி பழையபடி வேலை செய்யத் தொடங்குவதைப் பல பேரிடம் பார்த்திருக்கிறார்கள். ஆகவே கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: "சுரப்பியை விட்டுட்டுக் கல்லை மட்டும் எடுக்க முடியுமா சார்? முடியாதுன்னா ஏன்?" நல்ல டாக்டர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். படம் போட்டே காட்டுவார்.

கல்லை மட்டும் எடுக்க இப்போது பல வழி. சுமார் ஒரு மில்லிமீட்டர் தடிமனில் ஒரு எண்டோஸ்கோப். 1990-களின் தொடக்கத்திலிருந்து வளர்ந்த முறை. குழாயின் வாய் வழியாகவே உள்ளே போய், டி.வி. திரையில் கல்லைப் பார்த்து, குட்டிக் கம்பிக் கூடையில் பிடித்து இழுத்துக்கொண்டு வருகிறார்கள். நாலு மில்லிமீட்டருக்குள் இருக்கிற கல்லுக்கு இது ரொம்பத் தோது. பெரிசாக இருந்தால் லேசரால் உடைத்து எடுப்பதும் உண்டு. சிறுநீரகக் கல் மாதிரி வெளியிலிருந்தே அதிர்வலையால் உடைக்கிற முறையை ஜெர்மனியில் 1980-களின் கடைசியிலேயே ஆரம்பித்தார்கள். எல்லா ஊரிலும் கிடைக்காது. எண்டோஸ்கோப்பும் எல்லா ஊரிலும் இருக்காது, பெரிய ஊர்களில் விசாரிக்க வேண்டும்.

கல் குழாயின் முன்பக்கம், விரலுக்குத் தட்டுப்படுகிற தூரத்தில் இருந்தால், இத்தனை ஆர்ப்பாட்டமும் வேண்டாம். மரத்துப்போக ஊசி போட்டு, நாக்குக்கு அடியில் சின்னதாக ஒரு கீறல், கல் வெளியே. நம் அக்கவுன்டன்டுக்கு அந்த டாக்டர் அம்மா செய்தது அதுதான். காலையில் போய் மத்தியானம் வீட்டுக்கு வந்துவிட்டான். இரண்டு நாள் கஞ்சி, உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிப்பு, நாக்கு நுனியில் ஒரு வாரம் லேசான மரமரப்பு. அவ்வளவுதான். (மெடிக்கல் பாலிசி வைத்திருக்கிறவர்கள் அதில் டே கேர் என்று ஒரு பக்கம் இருக்கும், அதை முன்கூட்டியே படித்துவிடுங்கள். ராத்திரி தங்கினால்தான் பணம் என்று நினைத்துக்கொண்டு வீணாகக் கட்டில் வாடகை கட்ட வேண்டாம்.)

ஒருதரம் வந்தால் மறுபடி வராது என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள். ஏ.சி. ரூமில் எட்டு காபி, ஒரு டம்ளர் தண்ணீர் என்று நாளை ஓட்டுகிற ஆபீஸ் ஜாதிக்கு எச்சில் கெட்டிப்படுவது சுலபம். சிகரெட்டும் உதவாது. ஜலதோஷ மாத்திரை, சில பிரஷர் மாத்திரை, மனச்சோர்வுக்குத் தருகிற சில மாத்திரை இவையெல்லாம் வாயை வறட்டும்; அதற்காக நீங்களாக நிறுத்திவிடாமல் எழுதிக் கொடுத்தவரிடம் சொல்லிப் பாருங்கள்.

கல்லை ஒரு சின்ன பாட்டிலில் போட்டுக் கொடுத்தார்கள். மஞ்சளாக, ஒரு பட்டாணிக்குத் தங்கை மாதிரி இருக்கிறது. இப்போது அது அவன் ஆபீஸ் டிராயரில். எலுமிச்சங்காய் ஊறுகாய் மறுபடி டிபன் பாக்ஸுக்குத் திரும்பிவிட்டது. பிடுங்கின பல்லுக்கு மட்டும் அவ்வப்போது நாக்கால் துக்கம் விசாரிக்கிறான். போன வாரம் பெண் பார்க்கப் போய், கேசரி பஜ்ஜி இரண்டையும் பயமில்லாமல் சாப்பிட்டிருக்கிறான். அம்மா இன்னும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாராம், "செயின் போட்டேன், வடிஞ்சுது" என்று. அவன் மறுத்துப் பேசுவதில்லை. பவுன் விற்கிற விலையில், இரண்டு பவுன் செயின் இன்னும் அவன் கழுத்தில்தான் இருக்கிறது!